எழுதாத ஒரு கடிதமும் எழுதிய பதினொரு கடிதங்களும்

ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டுப் பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தேன். கையில் அறிவித்தல் தாள். முகத்தில் மனைவி பழைய சேலைத் துண்டில் தைத்துத் தந்த முகக்கவசம். பங்குனி வெயில். நெடுந்தீவின் கல்வேலிகள் இரண்டு பக்கமும் சூடேறிக் கிடந்தன.

"பொதுமக்கள் அனைவருக்கும் அறியத் தருவது" என்று தொடங்கினேன். முகக்கவசத்துக்குள்ளால் மூச்சு மேலே ஏறி மூக்குக்கண்ணாடியை மூடிவிட்டது. தாளில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே பிடித்திருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம். கூட்டம் கூடவேண்டாம். வயோதிபர்கள் வாசல் படலையடிக்கும் வரவேண்டாம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், ஊரே வேலியோரம் நின்றது. வயோதிபர்கள் முன்வரிசையில்.

"விதானையார், விளங்கேல்லை. ஒருக்கால் திருப்பிச் சொல்லும்" என்றார் ஒருவர்.

திருப்பிச் சொன்னேன். பின்னால் நின்றவர்களும் கிட்ட வந்தார்கள்.

அன்றைக்கு எங்கள் தீவில் கிருமி இருக்கவில்லை. இருந்திருந்தால், அந்த ஒரு பின்னேரத்திலேயே அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை எனக்குத்தான் வந்திருக்கும்.

முத்திரை வைத்திருந்தவர்

ஆட்டு வழக்கில் நான் அவமானப்பட்ட கதையைப் போன கிழமை இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். கிராம அலுவலர் ஒருவருடைய சாதாரண வாழ்க்கை அப்படித்தான். அரசாங்கம் எங்களுக்குப் புதுப் பெயர் வைத்துப் பல காலமாகிவிட்டது. ஊர் மட்டும் விதானையார் என்பதை விடவில்லை. வதிவிட அத்தாட்சிக்கு வருவார்கள். நற்சான்றிதழுக்கு வருவார்கள். பக்கத்து வீட்டு ஆடு வெங்காயப் பயிரைத் தின்றுவிட்டது என்று வருவார்கள். முற்றத்தில் நின்றபடியே காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் எனக்காக எழுந்து நின்றதாக நினைவில்லை.

ஊரடங்கு வந்தது. படகு அத்தியாவசியத்துக்கு மட்டும் என்று ஆனது. தீவைவிட்டு வெளியே போக பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமானால் முதலில் என்னுடைய கடிதம் வேண்டும். ஒரே கிழமையில் ஊரில் எல்லோருக்கும் என்னைக் கண்டதும் கால் தானாக எழுந்தது.

எனக்கு அது பிடித்துப் போனது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காலையில் சட்டையை மினுக்கி மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, முத்திரைக்கு மை ஊற்றி எடுத்துக்கொண்டு கதிரையில் உட்காருவேன். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேருக்கு "ஏலாது" என்று சொல்லுவேன்.

மனைவி கௌரி குசினி வாசலில் நின்று இதைக் கவனித்துக்கொண்டிருந்தா. ஒருநாள் கேட்டா:

"இஞ்சாருங்கோ, நேற்று முகம் கழுவேக்க கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஏதோ சொன்னியள். 'ஏலாது' எண்டு சொல்லிப் பாத்தனீங்களோ?"

"இல்லை. இருமினனான்" என்றேன்.

அப்பாவின் கடைக்கதவு

ஊரடங்கு எங்கள் தலைமுறைக்குப் புதிய சொல் இல்லை. படகு நின்ற காலங்களும் புதியவை அல்ல. அவற்றின் காரணங்கள் வேறு. அந்தக் கதைகளை இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதிவிட்டேன்.

அப்பா தெற்கே ஒரு சிங்கள ஊரில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். பள்ளி விடுமுறையில் அங்கே போய் நிற்பேன். ஏதாவது ஒரு கலவரச் செய்தி காதில் விழுந்தால் போதும், கடைக்கதவைப் பாதி இழுத்துவிடுவார். முழுவதும் மூடினால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள். முழுவதும் திறந்தால் பயம். பாதிக் கதவுக்குள் குனிந்து சுருட்டு வாங்கிப் போவார்கள். அப்பாவுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. கடைசியில் அந்தக் கடை எரிந்தும் போனது.

எனக்கு அவருடைய கடை கிடைக்கவில்லை. பயம் மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது. கிருமிக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. "நீர் ஏன் இவருக்குக் கடிதம் குடுத்தனீர்?" என்று மேலிடத்தில் இருந்து யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம். கொடுக்காத கடிதத்துக்கு எவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள் என்பதை மிக வேகமாகக் கண்டுபிடித்துவிட்டேன்.

தவமணி அக்கா வந்தா

இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவ தவமணி அக்கா. என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தவ. படகில் வருகிற சுற்றுலாக்காரரை நம்பிய கடை. மத்தியானச் சோறு, கணவாய்க் கறி, பின்னேரம் வடை. படகு நின்றதும் கடையும் நின்றது.

ஒரு காலை வந்தா. பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் அட்டைப் பிரதி கையில்.

"சுபாவுக்குப் பெறுமாதம், விதானையார். இன்னும் ரெண்டு கிழமைதான் எண்டு டொக்டர் சொன்னவராம். யாழ்ப்பாணத்துக்குப் போய் அவளோட நிக்கவேணும். ஒரு கடிதம் தாங்கோ."

சுபா அவவின் ஒரே மகள். யாழ்ப்பாணத்தில் வேலை, வாடகை அறை.

"மருமகன் நிக்கிறார்தானே?"

"அவர் கட்டாரில. பிளேன் இல்லையே. அவள் தனியத்தான் கிடக்கிறாள்."

"ஆஸ்பத்திரி கிட்டத்தானே, அக்கா?"

"கிட்டத்தான். நோவு வந்தால் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேணுமே."

"மருத்துவ அவசரம் எண்டால்தான் நான் கடிதம் தரலாம்."

"பிள்ளை பெறுறது அவசரம் இல்லையோ?"

"அது அவவின்ர அவசரம். உங்கட அவசரம் இல்லையே."

இதைச் சொன்னபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. சட்டத்தைச் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பேனையின் மூடியையும் போட்டேன்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. அழவும் இல்லை.

"அப்ப சரி. நீங்கள் சட்டப்படி சொல்லுறியள்" என்றா. அட்டையைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு நடந்தா.

சட்டப்படி என்றா. கடிதம் கொடுப்பது பற்றி எங்களுக்கு வந்த சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், மனிதாபிமானத் தேவைகளுக்கு அலுவலர் தன் மதிப்பீட்டின்படி பரிந்துரைக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் வாசித்திருந்தேன். 'தன் மதிப்பீடு' என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

இறங்குதுறை முனை

எங்கள் பக்கத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் தெளிவாக வருவது இறங்குதுறையின் முனையில்தான். பத்து நாள் கழித்து ஒரு காலை, தவமணி அக்கா அங்கே தனியாக நிற்பதைக் கண்டேன். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டபடி, காதில் தொலைபேசி. மத்தியானம் போனபோதும் அதே இடம். பின்னேரமும் அதே இடம்.

ஊரடங்கு, வீட்டுக்குப் போங்கோ என்று சொல்லத்தான் போனேன். சொல்லாமல் திரும்பினேன். அதை நான் செய்த பெரிய இரக்கமாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சுபாவுக்கு வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது வாடகை அறையின் வீட்டுக்காரி. பிள்ளையை முதலில் குளிப்பாட்டியதும், பிள்ளை பெற்ற உடம்புக்கென்று சுபாவுக்கு மருந்துச் சரக்குத்தண்ணி காய்ச்சிக் கொடுத்ததும் அந்த மனுசிதான். அதுவரை மாத வாடகையைத் தவிர வேறொன்றும் கதைத்தறியாதவர்கள்.

படகு ஓடத் தொடங்கி அக்கா பேத்தியைப் பார்க்கும்போது பிள்ளைக்கு இரண்டு மாதம் நெருங்கியிருந்தது. இவ தூக்க, பிள்ளை வீரிட்டுக் கத்தி, வீட்டுக்காரியின் கைக்குப் போனபிறகுதான் அடங்கியதாம். அக்கா அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்து ஊரில் எல்லோருக்கும் சொன்னா. எனக்கு மட்டும் சொல்லவில்லை. கௌரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மீன் தின்ற நாட்கள்

அந்த மாதங்களில் எங்கள் தீவில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. "விதானையார் கடுமையா நிண்டபடியால்தான் தப்பினனாங்கள்" என்று சிலர் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்து, அடக்கமாக ஏற்றுக்கொண்டேன்.

மீனவர்கள் அதைச் சொல்லவில்லை. பிடித்த மீனை அக்கரைக் குறிகட்டுவானுக்கு ஏற்ற வழியில்லை. ஐஸும் இல்லை. கணவாயும் நண்டும் ஊருக்குள்ளேயே சும்மா போலப் போயின. வெளிநாட்டுக்குப் போகிற சாதி நண்டு. முன்பு ஒன்று வாங்க இரண்டுதரம் யோசிப்பேன். இப்போது காலையும் மாலையும் நண்டு. தக்காளிதான் கிடையாது. பச்சை மிளகாய்க்கு ஆள் அனுப்பித் தேடினோம். மூன்றாம் கிழமை கௌரி நண்டுச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, "இதைத் திண்டு முடிச்சால் நாளைக்குக் கணவாய்" என்று தண்டனை வாசிப்பதுபோலச் சொன்னா.

நாங்கள் சிரித்துக்கொண்டு தின்ற அந்த நண்டு, அதைப் பிடித்தவன் வீட்டில் அரிசி இல்லாததால் எங்களுக்கு வந்தது. வலையை ஏற்றி வைத்துவிட்டு, நிவாரணப் பொதிக்கு என் முற்றத்தில் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். பெயர்ப் பட்டியலும் என் கையில்தான் இருந்தது. அவர்களும் எழுந்து நின்றார்கள்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவே மாதக்கணக்காயிற்று. தீவுக்குள் கிருமி கொண்டுவரக்கூடியவர் உள்ளே வருகிறவர். தவமணி அக்கா கேட்டது வெளியே போக. போய் அங்கேயே நிற்க. அவவை மறித்து நான் தீவை எதிலிருந்து காப்பாற்றினேன் என்று யோசித்தேன். 

பதினொரு கடிதங்கள்

அடுத்த வருடம் எல்லாம் தலைகீழாக இருந்தது. நோய் உண்மையாகவே நாடெங்கும் பரவியிருந்தது. ஆனால் ஊருக்கு அலுத்துப்போயிருந்தது. மறுபடி பயணத் தடை, மறுபடி கடிதம்.

படகோட்டி சிவராசா அண்ணையின் தாயார் வயதாகிப் போய்ச் சேர்ந்தா. அந்தியேட்டி என்று நாங்கள் சொல்லும் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு, பெருநிலத்தில் இருக்கும் சொந்தக்காரர் பதினொரு பேரைக் கூப்பிட வேண்டும் என்று வந்தார்.

"ஏலாது எண்டால் சொல்லும். நான் குறை நினைக்கமாட்டன்" என்றார்.

எனக்கு ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது இறங்குதுறை முனையில் நின்ற ஒரு பெண். இந்தமுறை நான் நல்லவனாக இருக்கப் போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டேன். யார் யார், எங்கேயிருந்து வருகிறார்கள், யாருக்காவது இருமல் காய்ச்சல் இருக்கிறதா? ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் 'மனிதாபிமானத் தேவை' என்று அழகான கையெழுத்தில் போட்டேன். கை நோகநோக எழுதியதில் ஒரு சுகம் இருந்தது.

"பதினொரு பேருமோ?" என்று கௌரி கேட்டா.

"அம்மாவின்ர காரியம்" என்றேன்.

காரியத்துக்கு நானும் போனேன். முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டு, பாயாசம் இரண்டுதரம் வாங்கிக் குடித்தேன்.

நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். வெயில் காய்ச்சல் என்று பெயர் வைத்தேன். ஐந்தாம் நாள் கறியில் உப்பில்லை என்று கௌரியோடு சண்டை. உப்பு இருந்தது. எனக்குத்தான் ருசி இல்லை. ஊருக்கு மணிக்கணக்காக நோயின் அறிகுறிகளை ஒலிபெருக்கியில் வாசித்தவன் நான். ஆறாம் நாள் சோதித்தபோது எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு அகப்பட்டிருந்தது.

என் படலையில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஒட்ட வந்த சுகாதார அலுவலர், "வெளியில வரப்படாது, விதானையார். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை" என்றார்.

யோகன்

சிவராசா அண்ணையின் தம்பி யோகன். அதே படகில் அண்ணனுக்கு உதவியாளன். நாற்பது தாண்டிய ஆள். அதிகம் கதைக்கமாட்டான். படகில் ஏறும் வயோதிபர்களைக் கையில் பிடித்து, பெட்டி சட்டி எல்லாவற்றையும் தானே தூக்கி வைப்பான். காரியத்தன்று பாயாசம் பரிமாறியவனும் அவன்தான்.

மூச்சு முட்டுகிறது என்று அவனை அவசரப் படகில் ஏற்றினார்கள். ஏற்றிய ஒன்பதாம் நாள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டான்.

அப்போதைய விதிப்படி உடலை ஊருக்குக் கொண்டுவர முடியாது. அங்கேயே எரித்தார்கள். தாயின் காரியத்துக்குப் பதினொரு பேரைக் கூட்டிவந்த சிவராசா அண்ணை, தம்பியின் கடைசியைத் தொலைபேசியில் பார்த்தார். அவரும் அப்போது அடைபட்ட வீட்டுக்குள்.

கதவுகள் திறந்தபின் அவரிடம் போனேன். முற்றத்தில் நின்றேன். அவரே சொன்னார்:

"நீர் கடிதம் தராட்டில் நான் அவையைக் களவாக் கூட்டியந்திருப்பன். அதை யோசியாதையும்."

உண்மையைச் சொன்னாரோ, எனக்காகச் சொன்னாரோ, இன்றுவரை தெரியாது. கிருமியைக் கொண்டுவந்தது அந்தப் பதினொரு பேரில் ஒருவரா என்பதும் தெரியாது. காரியத்துக்கு முந்திய கிழமை நானே தீவைவிட்டு ஊர்காவற்றுறைக்கு ஒரு அலுவலாகப் போய் வந்திருந்தேன். யாராகவும் இருக்கலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சந்தேகம் எனக்கு வசதியாக இருந்தது.

உரை ஒத்திகை

ஓய்வு பெறும் வருடம் ஊர்காவற்றுறையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளில் இருந்து கற்றுக்கொண்டவை பற்றி அனுபவம் உள்ளவர்கள் பேச வேண்டும். நான் நாலு பக்கம் எழுதினேன். படகுக்குக் காத்திருந்த ஒரு பின்னேரம், தவமணி அக்காவின் கடையில் அதை வாசித்தும் காட்டினேன். ஏன் அவவிடம் வாசித்தேன் என்று கேட்டால், பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதுதான் வெட்கம்கெட்ட பதில்.

"கட்டுப்பாடுகளால் கிடைத்த பாதுகாப்பை ஒரு பக்கத்திலும், பொருளாதார, சமூக இழப்புகளை மறுபக்கத்திலும் வைத்து நோக்குமிடத்து..."

அக்கா வடை தட்டிக்கொண்டிருந்தா.

"இதில நான் எந்தப் பக்கம், விதானையார்?"

"நீங்கள் இழப்புப் பக்கம்."

"யோகன்?"

"யோகனும் இழப்புத்தான். ஆனால் அது... மற்றப் பக்கம்."

அவ எண்ணெயில் வடைகளைப் புரட்டினா. நான் தாளை மடித்துவிட்டு, நாலு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அண்டைக்கு உங்களுக்குக் கடிதம் தந்திருக்கவேணும், என்ன?"

"ஓம்."

"அப்ப சிவராசா அண்ணைக்குக் குடுத்திருக்கக் கூடாதோ?"

"ஏன் கூடாது? செத்த மனுசியின்ர மகளுக்கும் பேரப்பிள்ளையளுக்கும் குடுத்திருக்கலாம். மற்றவை சாப்பிட வந்தவை. ஆர் எவர் எண்டு கேட்டிருந்தால் சிவராசாவே சொல்லியிருக்கும்."

பிறகு அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. என் கதிரைக்கு முன்னால் வந்து நின்ற நாளில் இருந்து எனக்கு 'நீங்கள்' போட்டுவந்த அக்கா, பள்ளிக்கூடக் காலத்து 'நீர்' என்பதற்குத் திரும்பினா.

"நீர் ரெண்டு தரமும் வந்த ஆளைப் பாக்கேல்லை. முதல் தரம் மேலிடத்தைப் பாத்தனீர். ரெண்டாந்தரம் என்னைப் பாத்தனீர்."

கூட்டம்

நாலு பக்கத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன் என்று எழுந்தேன்.

ஒலிபெருக்கியில் தொடங்கினேன். கண்ணாடி மூடியதைச் சொன்னேன். சபை சிரித்தது. வயோதிபர்கள் முன்வரிசையில் நின்றதைச் சொல்ல, பின்னால் இருந்தவர் கதிரையில் தட்டிச் சிரித்தார். நண்டுக் கதைக்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு உற்சாகம் ஏறியது. அதே குரலில், அதே வேகத்தில், தவமணி அக்காவின் பெயரைச் சொல்லாமல் கடிதக் கதைக்கு வந்தேன்.

"அது அவவின்ர அவசரம், உங்கட அவசரம் இல்லையே எண்டு சொன்னன்."

மண்டபமே சிரித்தது. தலைமை தாங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையை உயர்த்தி நிறுத்தியிருக்கலாம். இல்லை, இது சிரிக்கிற இடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதற்குள் நேரம் முடிந்தது என்று துண்டுச் சீட்டு வந்தது. பிறகு றோல்ஸும் தேநீரும் வந்தன. இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கடைசிப் படகில் திரும்பினேன். கடையில் அக்கா விளக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தா.

"எப்பிடிக் கூட்டம்?"

"நல்லாத்தான். எல்லாரும் சிரிச்சவை."

"என்னத்துக்கு?"

சொன்னேன். எதையும் விடவில்லை. அவ குவளையைத் துடைத்தபடியே கேட்டா.

"நீர்?"

"நானும் சிரிச்சனான்."

தேநீரை ஊற்றி என் முன்னால் வைத்தா. உள்ளே போகத் திரும்பியவ, வாசலில் நின்றா.

"அப்ப யோகனைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டீர்" என்றா.

"இல்லை" என்றேன்.